முள் சொன்ன நூற்று முப்பது

லாஸ்பேட்டையில் தரையை விட்டெழும்போது
சரியாகத்தான் இருந்தது முள்.
தேவனாம்பட்டினத்துக்கு மேலே
உயரம் ஏற ஏற
வேகமும் ஏறுவதாகச் சொன்னது.
நூறு. நூற்றுப் பதினைந்து. நூற்று முப்பது.

நம்பியிருந்தால்
மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்திருப்பேன்.
தூக்கத் தூக்க முள் இன்னும் ஏறும்,
உள்ளபடி வேகம் இறங்கும்,
நூற்று ஐம்பது என்று காட்டிக்கொண்டே
கடலில் கல்லாய் விழுந்திருப்போம்
நானும் அதுவும்.

முதலில் சந்தேகப்பட்டது காது.
நூற்று முப்பதுக்கு இந்தச் சத்தம் பத்தாது.
கதவிடுக்கில் காற்று சீறாமல்
முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

காலையில் நேரு வீதியில் தின்ற தோசையின் பில்லை மடித்து
அந்த வட்டத்தை மறைத்துச் செருகினேன்.
பார்த்தால் நம்பிவிடுவேன்.

மூக்கு, தொடுவானத்துக்கு நான்கு விரல் கீழே.
எஞ்சின், இரண்டாயிரத்து முந்நூறு சுற்று.
இந்த மூக்குக்கும் இந்தச் சுற்றுக்கும்
நூறைத் தாண்டவும் மாட்டாள், குறையவும் மாட்டாள்.
மூன்று வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா.

இருந்தாலும் சாட்சி வேண்டும்.
ஜிபிஎஸ் சொல்வது தரைமேல் ஓடும் கணக்கு,
அதில் காற்றின் பங்கும் கலந்திருக்கும்.
கீழே சிப்காட் புகை
தென்மேற்கே சாய்ந்து கிடந்தது.
பள்ளிப் பேருந்தில் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக் கடந்த
அதே புகை.
தெற்கே போகையில் நூற்றுப் பன்னிரண்டு,
திரும்பி வடக்கே வருகையில் தொண்ணூறு,
கூட்டிப் பாதியாக்கினால் நூற்றொன்று.

"காற்று வடகிழக்கு, பன்னிரண்டு நாட்" என்றாள்
கோபுரத்திலிருந்து கிளமென்ஸ்.
"வேறென்ன வேண்டும்?"
"ஓடுபாதையில் நாய் நிற்காமல் பார்த்துக்கொள்."

பிறகெல்லாம் கை பார்த்துக்கொண்டது.
கைப்பிடி விறைத்திருந்தால் வேகம் மிச்சம்,
குழைந்தால் தீர்கிறது.
இறக்கையில் ஒரு பீப்பி உண்டு,
காற்று போதாவிட்டால் அழும்.
சக்கரத்துக்கும் தாருக்கும் ஒரு சாண் இருக்கையில்
அழுதது.
அழட்டும் என்று விட்டேன்.

செவேரின் குழாய்க்குள் கம்பி விட்டுக் குடைந்தார்.
ஈர மண். மூன்று பச்சைப் புழு.
அரிசி முனை அளவில் ஒரு குளவிக் குஞ்சு.
"முந்தாநாளே இங்கதான் சுத்திக்கிட்டிருந்துச்சு.
விரட்ட மனசு வரல.
வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம்.
குளவி கூடு கட்டுனா நல்லதுன்னு..."
முடிக்கவில்லை.
குழாய்க்குப் போட மறந்த உறையின் சிவப்பு நாடா
அவர் சட்டைப்பையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
குளவி என்று எழுதினேன்.
உறை போடப்படவில்லை என்றும் எழுதினேன்.
வாசித்துவிட்டுத் தலையசைத்தார்.

மண்ணை அவர் எறியவில்லை.
ஹேங்கர் ஜன்னல் விளிம்பில்
தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.
புழுவில் ஒன்று இன்னும் அசைந்தது.

விமானத்துக்குள்
வேகத்தின் மேல் தோசை பில்
இருந்தபடி இருந்தது.
எடுக்க மறந்திருந்தேன்.