பதினேழு

அறுப்பின் பண்டிகைக்கு
மாசிலாமணி அண்ணன் கொண்டுவந்தது
ஒரு தூக்குவாளி நெல்.
முளைத்த நெல்.
வெள்ளை வேர்கள் ஒன்றையொன்று பற்றியிருந்தன.
வாளியைக் கவிழ்த்தாலும் கொட்டாது.

பறங்கிக்காய்க்கும் கால் கட்டிய கோழிக்கும் நடுவே
அதை வைத்துவிட்டு
கடைசி பெஞ்சுக்குப் போனார்.

ஐயர் அன்று எடுத்துக்கொண்டது
மண்ணில் விழுந்து சாகும் மணியைப் பற்றி.
முளைப்பதே மகிமை என்றார்.
பின்னாலிருந்து, இருமல் மாதிரி ஒரு குரல்:
"மொளைச்சா கவர்மெண்டு எடுக்காது ஐயரே."
சிலர் சிரித்தார்கள்.
என் வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.
பாட்டு நேரமே இல்லை அது.

அவர் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
சீசன் வேலை.
ஒரு கை நெல்லைக் கருவியில் போட்டால்
ஈரம் எவ்வளவு என்று எண் வரும்.
பதினேழுக்குள் இருந்தால் தராசு.
தாண்டினால் திரும்பவும் களம்.
களத்துக்கும் தராசுக்கும் நடுவே
மூட்டைக்கு நாற்பது ரூபாய் என்று
வரைபடத்தில் இல்லாத ஒரு வாய்க்கால்.
"நாப்பதுல என் கைக்கு வர்றது ஆறு.
மிச்சம் எங்க போவுதுன்னு கேக்காத."
நான் கேட்டதில்லை.
அந்த ஆறைப் பற்றியும் கேட்டதில்லை.
பெரியவளுக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்டினோம்,
ரசீதை வாங்கி பத்திரமாய் வைத்தேன்.

மாசிலாமணி அண்ணன் நாற்பது தரவில்லை.
இல்லாமல் இல்லை.
"தசமபாகம் ஒருத்தருக்குத்தான்" என்றாராம்.
அறுபத்திரண்டு மூட்டை
பொறையாறு ரோட்டோரம் பதினோரு நாள்.
எண் பதினெட்டு என்றார்கள்.
மறுநாள் காய்ந்த நெல்லுக்குப் பதினெட்டரை என்றார்கள்.
பன்னிரண்டாம் இரவு
மாசியில் பெய்யக்கூடாத மழை.
குவியல் இரண்டு, தார்ப்பாய் ஒன்று.

நான் ஜெபித்தேன், நிறுத்தும் என்று.
நிற்கவில்லை.
கடலை அதட்டியவர்
எங்கள் களத்து வானத்தை ஏன் அதட்டவில்லை என்று
ஒரு வாரம் அவரோடு சண்டை.
பாத்திரம் துலக்கும்போது சண்டை,
ரேஷன் வரிசையில் சண்டை.
பிறகு ஒருநாள், உலை கொதிக்கையில் உறைத்தது:
பதினோரு நாள் வெயில் தந்திருந்தாரே.

ஞாயிறு பள்ளி நாடகத்தில்
மரமேறிய குள்ள வரிக்காரனாய் நடித்தவர்
என் வீட்டுக்காரர்தான்.
கோயில் புங்கமரத்திலிருந்து குதித்து
"நாலு மடங்காய்த் தருவேன்" என்று கத்தினாராம்.
இன்றும் அவர் அக்கா சொல்லிச் சிரிப்பாள்.
வாங்கிய காசுக்கு நாலு மடங்கு கணக்கு வரும்.
வாங்காத நாற்பதுக்கு?

ஏலம் தொடங்கியது.
ஒரு கோழிமுட்டை நூற்றைம்பதுக்குப் போனது,
கைதட்டல்.
உபதேசியார் தூக்குவாளியை உயர்த்தினார்.
"நெல்லு... மொளைப்பயிர்...
யாராச்சும் கேளுங்க."
மின்விசிறி சத்தம்.
கோழி ஒருமுறை இறக்கையை அடித்தது.

"முந்நூத்தி எழுபத்திரெண்டு" என்றேன்.

கோயில் சிரித்தது. அதென்ன எழுபத்திரண்டு?
அறுபத்திரண்டை ஆறால் பெருக்கியவர்
பக்கத்தில் இருந்தார். சிரிக்கவில்லை.

வெளியே செருப்பு தேடுகையில்
மாசிலாமணி அண்ணன் அருகில் வந்தார்.
"மாட்டுக்கு வைக்கலாம், தங்கச்சி.
வேற எதுக்கும் ஆவாது."
அவ்வளவுதான்.
அந்தக் காசும் கோயிலுக்குத்தான் போனது,
அவருக்கு இல்லை.
அது தெரிந்தேதான் கேட்டேனா, தெரியவில்லை.

ராத்திரி நால்வரும் முழங்காலில்.
பரமண்டல ஜெபம்.
அப்பம் வரை அவர் குரல்தான் முன்னால் போகும்.
கடன் என்கிற இடத்தில்
பிள்ளைகள் குரல் கேட்டது,
என் குரல் கேட்டது.

காலையில் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
பச்சை விரலளவு.
வண்டியை உதைத்தவர்
ஒரு நிமிடம் அணைத்துவிட்டு நின்றார்.
"இன்னிக்கு எத்தன மூட்டை நிக்குது?" என்றேன்,
முதல் தடவையாக.
எண்ணிச் சொன்னார்.
பேர் பேராய்ச் சொன்னார்.