சேமிக்கவா?

கடலூர் சிப்காட். இரவு ஷிப்ட்.
மூன்றாம் டிரான்ஸ்ஃபார்மரின் கண்காணிப்புப் பெட்டிக்குக்
கடவு எண் இன்னும் நாலு பூஜ்யம்தான்.

எண்ணெய்ச் சூடு, அலாரம்: நூற்றிருபது.
எவனோ தூங்க ஆசைப்பட்டிருக்கிறான்.

பதிவுகளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன்.
ஒரு ஐப்பசி மழை. விடிகாலை மூன்று பத்து.
மாற்றியவர்: என் ஊழியர் எண்.

அன்று சென்சார் முனையில் உப்புப் பூத்து
பொய்யாகவே கத்திக்கொண்டிருந்தது.
காலையில் திருத்திவிடலாம் என்றுதான்.

எத்தனை காலை.

முனையைச் சுரண்டித் துடைத்தேன்.
எண்பத்தைந்து. தாமதம் பத்து நொடி.
சேமிக்கவா? என்றது திரை.
ஆம்.

பதினோராவது நொடியில்
யார்டு முழுக்க அலறல்.
பாவாடை அண்ணன் ஓடி வருகிறார்,
"நல்லா இருந்த மெஷின
என்னா சார் பண்ணீங்க?"