தரை இருந்த உயரம்

விசா கிடைக்கவில்லை.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
நாளைக்கு இருநூறு பேரின் விரல்ரேகை எடுக்கிற
அமலிக்கே கிடைக்கவில்லை.
காளான் போல, மண்டியிட்ட ஒட்டகம் போல
பாறைகள் நிற்கும் அந்தப் பாலைவனத்துக்கென்று
தவணையில் வாங்கிய கூடாரம்
முனிர்க்கா வீட்டில் அலமாரியின் தலைமேல்
இரண்டு மாதம் கிடந்தது.
சுவர்ப்பூச்சு உதிர்ந்து
சிவப்பாய் ஒரு நறநறப்பு
அதன் உறைமேல் தினமும் படிந்தது.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை.
லூக்காற்று அடித்து ஓய்ந்த சாயங்காலம்.
"டெல்லிக்குள்ளயே போவோம்" என்றாள்.
சத்தர்பூர் தாண்டி
பண்ணைவீடுகளின் முடிவில்லாத மதில்கள் தாண்டி
இதற்குமேல் வரமாட்டேன் என்று
ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தோம்.
வழியெல்லாம் விலாயதி கீக்கர்.
வேறொன்றுமில்லை, நம்மூர் சீமைக்கருவேலம்.
இங்கே பெயரை மாற்றிக்கொண்டு
எங்களைவிட நன்றாக வாழ்கிறது.

திடீரென்று நிலம் இறங்கியது.
பெரும் பள்ளம்.
நடுவில் அவை.

ஏழோ எட்டோ.
இரண்டு ஆள் உயரம், இடை சிறுத்து,
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பிடி காய்ந்த புல்.
அமலி பெயர் வைத்துக்கொண்டே போனாள்:
கடைவாய்ப்பல்.
என் சூப்பர்வைசர்.
மூன்றாவதுக்கு, குடுமி வைத்த குடிகாரன்.
நான் வழிகாட்டிப் புத்தகம் முழுவதையும் படித்தவன்.
"காற்று செதுக்கியது," என்றேன்,
"பத்தாயிரம் வருஷம்."

முளை இறங்கவில்லை.
கல்லால் அடித்தேன், கல் உடைந்தது.
கயிறுகளைப் பாறைத்துண்டுகளில் சுற்றிக் கட்டி
ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது கூடாரம்.
புளியோதரையில் மணல்.
முதுகுக்குக் கீழே தரை
வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை
திருப்பித் தந்துகொண்டிருந்தது.
பாலத்துக்கு இறங்கும் விமானங்கள்
இரண்டு நிமிடத்துக்கு ஒன்று,
வயிற்று விளக்கோடு.

பிறகு டார்ச் வெளிச்சம்.
வனக்காவலர், தினக்கூலி, பெயர் ஜோகிந்தர்,
எங்கள் வயதுதான் இருக்கும்.
"இங்கே தங்கக்கூடாது. சிறுத்தை இருக்கு."
சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.
ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை
இரண்டு கோப்பையில் மூன்று பேர் குடித்தோம்.

என் உடைந்த ஹிந்தியில் கேட்டேன்:
இதையெல்லாம் காற்று செய்து முடிக்க
எத்தனை ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்?

சிரித்தார்.
"காற்றா? என் அம்மா."

ஊர் கட்டச் சரளைமணல் தோண்டிய பள்ளம் இது.
தோண்டிய ஆழத்துக்குக் கூலி.
எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்?
அங்கங்கே கொஞ்சம் தோண்டாமல் விடுவார்கள்.
கவாஹ் என்று பெயர், சாட்சி.
உச்சியில் புல் இருக்கிற இடம்தான்
தரை இருந்த இடம்.
ஒப்பந்தக்காரரின் ஆள் டேப்போடு வருவான்,
அளப்பான், எழுதிக்கொள்வான்,
அளந்ததும் சாட்சியை இடித்துவிடலாம்.

"அதோ, மூன்றாவது, அம்மாவுடையது.
அந்த வாரம்தான் சுரங்கத்தை மூடினார்கள்."

டீயின் அடிமண்டியை வீசிக் கொட்டினார்.
ஐந்து மணிக்குள் கிளம்பிவிடச் சொன்னார்.

டார்ச் மேடேறி மறைந்த பின்
நாங்கள் மல்லாந்து கிடந்தோம்,
நிலத்துக்கு உள்ளே,
மண் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
மண்ணுக்குப் பதிலாக.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
"நம்ம சுவரு," என்றாள் அமலி.
அவ்வளவுதான்.

விடிவதற்கு முன்னே கூடாரத்தைக் கழற்றினோம்.
ஒரு முளை காணவில்லை.
மூன்றாவதின் அடியில் போய் நின்று
கம்பிகள் ஐந்தையும் கோத்துத்
தலைக்கு நேர்மேலே நிமிர்த்திப் பிடித்தாள்.
புல்லுக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி.
"எழுது."
ஒரு அமலி, ஐந்து கம்பி, ஒரு முழம்.
போனில் குறித்துக்கொண்டேன்.
யாருக்கு அனுப்புவது என்று
அவளும் சொல்லவில்லை.

மேலே, பழைய தரையில்,
ஒரு கௌதாரி
நாலு எட்டு நடந்துவந்து
விளிம்பில் நின்றது.