ஆறரை ராத்தல்

மோல்மேன் கடையை மூடியபோது
ஒரு மரக்கிடங்குக்காரன் அடைக்காத வட்டிக்கு
ஈடாக வந்தவை மூன்று துப்பாக்கிகள்.
பள்ளத்தூரில், வளவு நடுவில்
ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைத்தார்கள்,
பெண் பார்க்க வந்தவர்கள் முன்
நகை பரப்புவதுபோல.

அந்தக் கடையில் என் சீதனப் பணம்
எட்டு வருஷம் உழைத்திருக்கிறது.
மூன்றில் ஒன்று எனக்கு.
"ஆச்சி முதலில் எடுக்கட்டும்" என்றார் பெரிகருப்பன்.
மரியாதைக்குச் சொன்னது.
நான் கையை நீட்டுவேன் என்று
அவர் கணக்குப் போடவில்லை.

புளி நிறுக்கிற தராசை எடுத்து வரச் சொன்னேன்.
சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலாவது இரட்டைக் குழல், வெள்ளிப் பூவேலை.
பத்தரை ராத்தல். யானைக்குச் செய்ததாம்.
நம் பக்கம் யானை
கோயில் வாசலில்தான் நிற்கிறது,
அதுவும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு.

இரண்டாவது ஜெர்மன்காரன்.
மேலே தூரக் கண்ணாடி, குழல் என் இடுப்பு உயரம்.
ஐந்நூறு கஜம் போகும் என்றார் பெரிகருப்பன்
தானே சுட்டு அளந்ததுபோல.
எங்கள் காட்டில்
ஐந்நூறு கஜம் எங்கே இருக்கிறது?
வீரையும் காசாவும் தோள் உரச நிற்க,
இடுக்கெல்லாம் சூரை, இண்டு, தொரட்டி.
நாற்பது அடிக்கு மேல் பச்சை ஒரு சுவர்.
நீளக் குழலைக் கொண்டு போனால்
முள்ளோடு வழக்காடியே பொழுது விடியும்.

மூன்றாவதை யாரும் தொடவில்லை.
கட்டையில் கீறல், குழல் குட்டை,
விசைக்குக் கீழே இரும்பு வளையம் ஒன்று,
கத்தரிக்கோல் பிடிபோல.
ஆறரை ராத்தல்.
ஒரு கையால் எடுத்தேன். வந்தது.

குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்.
ஆறு தோட்டாக்கள் வரிசையாய் அதில் படுக்கும்,
ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில்.
அதனால் மூக்கை மொண்ணையாகச் செய்திருக்கிறான்,
கூராய் இருந்தால் உள்ளேயே வெடித்துவிடுமாம்.
பங்காளிகளுக்கும்
இப்படி ஒரு யோசனை யாராவது செய்திருந்தால்
மோல்மேன் கடை இன்னும் திறந்திருக்கும்.
இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வளையத்தைக் கீழே ஒரு தள்ளு, மேலே ஓர் இழு,
அடுத்த தோட்டா தயார்.
கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

"இது எதற்கு உங்களுக்கு?"
"மூன்று வருஷமாய் என் கடலைக் கொல்லையில்
மான் மேய்கிறது. பற்று மட்டும் இருக்கிறது,
வரவு இல்லை."
"லைசென்சு யார் பேரில் கேட்பது?"
"சிகப்பி என்று எழுதுங்கள். க் வேண்டாம்."

ஐப்பசியில் மழை விட்ட மறுநாள்
சருகு நனைந்து வாய் மூடிக் கிடந்தது.
அடைக்கன் முன்னால் போனான்,
குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் வழுகி.
அவன் போன ஓட்டையில் எல்லாம்
நானும் போனேன், துப்பாக்கியும் போனது.
சேலைதான் இரண்டு இடத்தில் கிழிந்தது.

புள்ளி தெரிந்தது முதலில், பிறகு காது.
சுட்டேன்.
மான் விழவில்லை. ஓடவும் இல்லை.
சத்தம் எந்தத் திசை என்று தெரியாமல்
அப்படியே நின்றது.
வளையம் கீழே போய் மேலே வந்தது,
க்ளக், க்ளக்.
அதைக் கேட்டுத்தான் என் பக்கம் திரும்பியது.
இரண்டாவது தப்பவில்லை.

முதல் தோட்டாவைத் தேடிப் போனேன்,
கணக்கு வேண்டுமே.
வெட்பாலை ஒன்றின் மார்பு உயரத்தில் ஓட்டை.
பால் வடிந்து
அதற்குள் முழங்கால்வரை வந்திருந்தது.
அடைக்கன் மானை விட்டுவிட்டு வந்து பார்த்தான்.
ஈரமண்ணைக் குழைத்து ஓட்டையில் அப்பினான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மண்ணையும் நனைத்துக்கொண்டு
பால் வந்தது.

அன்றிரவு பேரேட்டில்:
தோட்டா இரண்டு, பற்று.
தொடை ஒன்றும் தோலும் அடைக்கன் வீட்டுக்கு.
பெரிகருப்பன் வீட்டுக்கு ஈரல், கேட்டனுப்பியதால்.
மரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?
ஒரு வரி விட்டுவைத்தேன்.

சுட்ட பிறகு கனக்கும் என்பார்கள்.
தராசில் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு தோட்டா குறைவாகத்தான் இருந்தது.