காத்திருப்போர் அறையில் ஒரு கடல்

பல்வலியோடு வருகிறவர்கள்
சுவரில் தொங்கும் தாடை எலும்புப் படத்தையே
வெறித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால்
டானிங்டன் மாடியில்
நாலடி நீளத்துக்கு
ஒரு கடல் வாங்கி வைத்தேன்.

கோத்தகிரிக்கு உப்பு, மூட்டையில் வந்தது.
கோவையிலிருந்து முதல் பஸ்.
உப்புக்கும் இரண்டு கோமாளி மீனுக்கும் சேர்த்துக்
கண்டக்டர் ஒரே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அந்தப் பச்சை மட்டும் இனாம்.
பாறையோடு பாறையாக, விரற்கடை நீளம்.
"அழகா இருக்கும் டாக்டர்,
தண்ணியையும் சுத்தம் பண்ணும்."
இரண்டும் பொய்யில்லை.

சீப்பின் பற்கள்போல இருபக்கமும் பிரிந்து
ஆடிக்குள் பின்கண்ணாடியை மூடியது.
ஆவணியில் பவளத்தின் கழுத்தைப் பிடித்தது.
மீன் எங்கே, மீன் எங்கே என்று
கண்ணாடியில் மூக்கை அழுத்தின
பல் விழுந்த குழந்தைகள்.

இரையைச் சிட்டிகையாக்கினேன்.
விளக்கை அணைக்க முடியவில்லை:
இருட்டு நீண்டால் இது
உள்ளதையெல்லாம் வித்தாக அவிழ்த்துவிட்டுச் சாகும்,
தண்ணீரையும் சாகடிக்கும் என்றார்கள்.
அதனால் இரவெல்லாம் எரிந்தது.
கடைசி பஸ் டிரைவர் கேட்டார்,
"டாக்டரம்மா தூங்கவே மாட்டீங்களா?"

வியாழன் விடுமுறை.
ஸ்டெரிலைசருக்குள் இனிமேல் போகாத
ஒரு பழைய கொறடு.
இதற்கு வேர் இல்லை,
வேரைப்போலப் பிடித்துக்கொள்ளும் நூல்கள்தான்.
கிள்ளினால் கிள்ளிய வாயைத்
தானே அடைத்துக்கொள்ளும்.
நழுவிய துண்டுக்குப்
போன இடமெல்லாம் சொந்த ஊர்.

முனை முறிந்து தாடைக்குள் தங்கிய பல்லை
எத்தனை பார்த்திருக்கிறேன்.
இழுக்கக் கூடாது.
அசைத்து, அசைத்து, காத்திருந்து.
பக்கத்தில் போஜன்,
நோயாளியின் எச்சிலை உறிஞ்சுகிற அதே கவனத்தில்
குழாயால் துணுக்குகளை உறிஞ்சுவான்.

பிடுங்கியதைச் சாக்கடையில் விடவில்லை.
உப்புநீர்ச் செடி, ஓடையில் பிழைக்காது, தெரியும்.
ஆனால் ஜன்னலைத் திறந்தால்
சரிவு முழுக்க உண்ணிப்பூ.
யாரோ ஒரு துரைசானி
வேலியோரத்து அழகுக்கு வைத்திருப்பாள்.
அவளுக்கும் நிறையத் தெரிந்திருக்கும்.
மொட்டைமாடியில் தகரத்தட்டில் காயவைத்தேன்.
"என்ன கீரை டாக்டர், வத்தலா?"
என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

ஐப்பசி மழையில்
சீகை மரமொன்று கம்பிமேல் சாய்ந்தது.
இன்வெர்ட்டர் நாலு மணிநேரம் தாங்கியது.
தொட்டியைக் கம்பளியால் போர்த்தினோம்.
பேட்டரி பம்ப் ஒன்று மட்டும்
சளிபிடித்த பூனைபோல இரைந்தது.

இரண்டாம் விடியலில் டார்ச் அடித்தேன்.
பச்சை இல்லை.
அதன் உருவம் மட்டும், கண்ணாடியாய்,
தொட்டால் கரைகிற மாதிரி.
தண்ணீர் முழுக்க இளம்பச்சைப் பால்.
நாலு மாதம் கொறடோடு நின்றவளுக்குக்
கோபம் வரவில்லை, ஏனோ
பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு ஓட்டம்.
கேஸ் அடுப்பில் வெந்நீர், வாளியில் உப்பு,
மெழுகுவத்தி வெளிச்சத்தில் உப்பளவு மானி.
செயற்கைப் பல்செட் கிண்ணத்தில்
ஒரு மீன், இன்னொரு மீன்.
இறால் பிழைக்கவில்லை.

மதியம் மூன்றுக்கு விளக்கு வந்தது.
பின்னாலேயே லைன்மேன் செபஸ்தியான் வந்தார்,
இடது கன்னம் இட்லியாக வீங்கி.
"கம்பத்து மேலயே உயிர் போச்சு டாக்டர்.
லைட்டு எரியுதுல்ல?"
எரிகிறது என்றேன்.
அவருடைய கடைவாய்ப்பல்
மூன்று வேரும் முழுசாக வந்தது.
போஜன் கைதட்டினான்.

பஞ்சைக் கடித்தபடி
தொட்டி முன்னால் உட்கார்ந்தவர்
பேச முடியாமல்
பாறையின் பின்பக்கம் விரல் காட்டினார்.

நகத்தளவு பச்சை.

கேட்காமலே குழாயோடு வந்தான் போஜன்.
"இரு" என்றேன்.
"வியாழக்கிழமை பார்க்கலாம்."