மூன்றேகால்

சால்மியா, ஐந்தாம் மாடி, ஆகஸ்ட்.
ஏசி ஓடினால் ஒரு கணக்கு,
நின்றால் வேறு கணக்கு.

எஸ்பிரஸ்ஸோவுக்குப் பதினெட்டு கிராம்.
பதினாறே நொடியில் கொட்டி முடிந்தது,
பல் கூசும் புளிப்பு.
அரவையை இறுக்கினேன்.
இப்போது சொட்டவே மனமில்லை அதற்கு;
கசப்பு.

சிங்க்கில் ஊற்றியதெல்லாம்
எத்தியோப்பியா, கிலோ பதினான்கு தினார்.
தூங்கப் போகிற வழியில் இர்ஷாத்
"பால் ஊத்துனா சரியாப் போயிரும்ணே" என்றான்.
நான் குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை. மூன்று. மூன்றேகால்.

இருபத்தெட்டாம் நொடி,
பாகு கம்பிப் பதத்தில் இறங்கியது.
வாயில் பேரீச்சை? இல்லை, வேறென்னவோ.

அவனை எழுப்பினேன். மணி இரண்டரை.
ஒரு மிடறு, முகச்சுளிப்பு.
கோப்பையைத் திருப்பித் தரவில்லை.

எண்ணை டப்பாவில் எழுதி ஒட்டினேன்.
ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கம்,
வேர்க்க ஆரம்பித்திருந்தது.