காரணம் என்ற கட்டம்

சிந்தாமணி ரோட்டில்
அரிசி ஆலை ஒன்று மூடி ஒன்பது வருஷம் கழித்து
எங்கள் கைக்கு வந்தது.
நெல் காயப்போட்ட களத்தில்
இப்போது நாய்கள் காய்கின்றன.
உமி வாசம் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை;
மழை பெய்தால் சுவரிலிருந்து இறங்கி வரும்.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
ஊசி போடத் தெரியாது, கடித்தால் அழுவேன்.
நாய், பூனை, ஒரு கழுதை;
வந்த தேதி, எடை, நிறம்,
கடைசியில் ஒரு கட்டம்:
விட்டுச் செல்லும் காரணம்.

முதல் வருஷம் அதில் எழுதியதெல்லாம்
ஒரே கைரேகை மாதிரி.
வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.
குட்டி போட்டுவிட்டது.
கல்யாணம்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்,
நீர்மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த காலையில்
சுருளியாண்டி வந்தார்.
கீழமாசி வீதியில் லோடு இறக்குகிறவர்.
கையில் கயிறு, கயிற்றில் ஒரு செவலை,
இடது கண்ணில் புரை.
என்ன காரணம் எழுத?
'குடலிறக்கம்.'
நாய்க்கா?
'எனக்கு.'

பெரியாஸ்பத்திரியில் மூன்று தடவை தேதி கொடுத்தார்களாம்.
மூன்று தடவையும் போகவில்லை.
'இது வேற ஆள் கையில திங்காது தாயி.'
எங்கள் லூர்துமேரி டாக்டர்,
மாட்டு வயிறு பார்க்கப் படித்தவர்,
அவரைச் சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.
'இன்னிக்கே போங்க. திங்க வைக்கிறது என் பொறுப்பு.'

நான்கு நாள் தின்னவில்லை.
போனில் அவரிடம் பொய் சொன்னோம்.
ஐந்தாம் நாள் ஒச்சப்பன், கழுதையைப் பார்த்துக்கொள்கிறவன்,
ஆஸ்பத்திரிக்குப் போய்
அவர் தலைக்கு வைத்திருந்த துண்டை வாங்கி வந்து
தட்டுக்கு அடியில் விரித்தான்.
தின்றது. துண்டிலும் கொஞ்சம்.

வார்டில் அந்தச் செய்தி
கட்டிலுக்குக் கட்டில் நடந்திருக்க வேண்டும்.
முனிச்சாலையிலிருந்து ஒரு பூனை: பிரசவம்.
அனுப்பானடியிலிருந்து இரண்டு ஆடு: டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும்.
மகனைப் பார்க்க பாளையங்கோட்டை ஜெயில், ஒரு நாள்.
குடியை விட இருபது நாள்:
அவன் ஆறாம் நாளே வந்து பூனையைத் தூக்கிப் போனான்,
ஒன்பதாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பக் கொடுத்தான்.
அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பதினேழு பேர் திரும்பி வரவேயில்லை.
அதில் நான்கு பேர் வர முடியாதவர்கள்.

ஆலைக்காரர் விட்டுப்போன தராசு இருக்கிறது,
நெல் மூட்டை நிறுத்தது.
அங்கன்வாடி எடைமிஷின் பழுதான மாசத்திலிருந்து
விருமாயி டீச்சர்
பிள்ளைகளை இங்கே வரிசையாகக் கூட்டி வருகிறார்.
கோணியை விரித்து ஒவ்வொன்றாக உட்கார்த்துகிறோம்.
ரஹ்மத்துன்னிசாவின் கைக்குழந்தையும்
வால் ஒடிந்த எங்கள் கடுவனும்
ஐந்து கிலோ நானூறு.
அவள் சிரித்தாள், பிறகு கவலைப்பட்டாள்.
டாக்டர் முட்டை அட்டையில் பாதியை
அவள் பையில் வைத்தார்.
அன்று நாய்களுக்கு வெறும் சோறு.

அடுத்த வீட்டு துளசிராம்
குரைப்புச் சத்தம் என்று மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டவர்.
போன ஐப்பசியில் ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைத் தட்டினார்.
நான்காவது மனு என்று நினைத்தேன்.
கையில் கண்ணாடித் தொட்டி,
அதில் இரண்டு தங்கமீன்,
நடந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வேட்டியில்.
அவர் மனைவிக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் தெருமுனையில்.
'சத்தம் போடாதும்மா' என்றார்.

எடைக் கட்டத்தில் கோடு.
நிறம், ஆரஞ்சு.
காரணம் சொல்ல ஆரம்பித்தவர்
தீவனத்தில் தொடங்கினார்,
அவள் காலையில் அதுகளோடுதான் முதலில் பேசுவாள் என்றார்,
ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது.
கட்டம் போதாமல்
ஓரத்தில் திருப்பி எழுதி
அடுத்த நாயின் இடத்திலும் கொஞ்சம் எழுதினேன்.